நானூறு பேர் ஊரில் ஐந்நூறு பேர் கூட்டம்: ஒரு கோப்பையைத் தேடி மெல்பேர்ண் பயணம்

இப்படித்தான் முடியும் என்று நான் புறப்பட முன்பே சொல்லிவிட்டேன். நம்பாதவர்கள் சிட்னி வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில் விசாரிக்கலாம். "கோப்பை எங்கே போகவேண்டுமோ அங்கே போகும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னவன் நான். அப்படியே போனது.

விஷயம் இதுதான். எங்கள் ஊராருக்குச் சிட்னியில் ஓர் உதைபந்தாட்டக் கழகமும் மெல்பேர்ணில் ஒன்றும் உண்டு. (ஊரின் பெயரைப் போட்டால் பக்கத்து ஊரார் கோபிப்பார்கள்.) இரண்டுக்கும் பொதுவாக ஒரு கோப்பை. கோல் கணக்கில் கொடுத்தால் ஒவ்வொரு வருடமும் நடுவரோடு சண்டை. கடைசியில் கோப்பை மெல்பேர்ண் தலைவர் நடராசாவின் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே மூன்று வருடமாக நின்றுவிட்டது. ஆகவே இந்த வருடம் நான் ஒரு திட்டம் கொண்டுவந்தேன். கோல் வேண்டாம். அவரவர் நகரில் இருக்கும் ஊராரில் நூற்றுக்கு எத்தனை பேர் திடலுக்கு வருகிறார்கள் என்று பார்ப்போம். விகிதம் கூடிய நகரத்துக்குக் கோப்பை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். அதற்கு மேல் எனக்குக் கணக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கவில்லை. மெல்பேர்ணில் ஐம்பது இலட்சத்துக்கு மேல் சனம். அங்கே இலட்சம் பேர் இருக்கக்கூடிய மைதானம் ஒன்று இருக்கிறது. அது நிரம்பி வழிந்தாலும் நூற்றுக்கு இரண்டு பேர்தான். மிச்சத் தொண்ணூற்றெட்டுப் பேரும் வீட்டில் புல்லு வெட்டுகிறார்கள். இதையும் ஒரு கூட்டமென்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள்! சிட்னியில் எங்கள் ஊரார் நாற்பது பேர். போன ஞாயிறு எங்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். நூற்றுக்கு எழுபத்தேழரை. உலகத்தில் எந்தப் பெரிய கழகம் இதைச் செய்யும்?

ஊரில் பிறந்தவர்களை மட்டுமே எண்ணுவது என்ற விதியும் என்னுடையதுதான். வெளியூரில் பிறந்து எங்கள் ஊராரைக் கலியாணம் கட்டியவர்கள் கூட்டத்திலும் இல்லை, சனத்தொகையிலும் இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. சிட்னியில் அப்படிப் பதினைந்து பேர், திடலுக்கு வந்தது மூன்று பேர். அவர்களையும் சேர்த்தால் நாங்கள் அறுபத்திரண்டுக்கும் கீழே இறங்கிவிடுவோம்.

ஒரு நகரத்தின் கூட்டத்தை மற்ற நகரத்து ஆள்தான் எண்ணவேண்டும். மெல்பேர்ணுக்கு என்னை அனுப்பினார்கள். கோப்பைக்கு இடம் வேண்டுமென்று ஷோகேஸில் இருந்த என் ஓய்வுப் பரிசு மணிக்கூட்டை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் காரில் ஏறினேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வென்ட்வேர்த்வில்லில் இருந்து வெளிக்கிட்டோம். நானும் மனைவி புவனமும். புவனம் திருகோணமலைக்காரி. எனக்குத் தமிழ் தட்டச்சு வராது என்பதால் இந்தக் கட்டுரையையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள். தூரம் ஏறக்குறைய 870 கிலோமீட்டர். நான் ஏழு மணித்தியாலத்தில் ஓடி முடிப்பேன். (பத்து என்று போடச் சொல்கிறாள். சரி, பத்து.) பெட்ரோல் செலவு, போகும் வழிக்கு மட்டும், 128 டொலர். பின் ஆசனத்தில் அவள் செய்த நூற்றிருபது மட்டன் ரோல்.

ஹோல்புரூக்கில் கட்டாயம் நிறுத்துங்கள். கடலே இல்லாத அந்த ஊரில், வீதியோரப் புல்லில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் படுத்திருக்கிறது. பழைய வெள்ளம் ஒன்றில் வழிதவறி வந்து தங்கிவிட்டது என்று புவனத்துக்கு விளக்கினேன். அவள் பக்கத்திலிருந்த பலகையை வாசித்துவிட்டுக் காரில் ஏறினாள்.

அதைத் தாண்டி, கழிப்பறை தேடி நெடுஞ்சாலையை விட்டு ஒரு சிற்றூருக்குள் இறங்கினோம். வாசல் பலகையில் சனத்தொகை நானூறு என்று இருந்தது. ஆனால் வீதியில் ஒரு மனிதர் இல்லை, கடைகள் பூட்டு. எல்லாரும் ஊர்த் திடலில் நின்றார்கள். கார்களைத் திடலைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நிறுத்தியிருந்தார்கள். கோல் விழுந்தால் எல்லாக் காரும் ஒன்றாக ஹோர்ன் அடிக்கும். இது கையால் பிடித்து ஓடும் முட்டைப் பந்து ஆட்டம். அதையும் ஃபுட்போல் என்றுதான் சொல்கிறார்கள். தலைக்குப் பத்து டொலர் கொடுத்து உள்ளே போனோம். நான் எண்ணினேன். ஐந்நூறு பேர்!

வாசலில் காசு வாங்கிய வெள்ளைக்கார அம்மாவிடம் என் ஆங்கிலத்தில் நியாயம் கேட்டேன். "நானூறு பேர் ஊரில் ஐந்நூறு எப்படி வந்தது?"

"எதிரணி ஊரும் வந்திருக்கிறது. ஊரை விட்டுப் போன ஆளும் வந்திருக்கிறது, ஊருக்குள் கலியாணம் கட்டி வந்த ஆளும் வந்திருக்கிறது. நாங்கள் நாய்களையும் சேர்த்துத்தான் எண்ணுவோம்" என்றார். பிறகு புவனத்தைப் பார்த்து, "உங்களையும் எண்ணியாயிற்று, கண்ணே" என்றார்.

புவனம் சிரித்தாள். ஓல்பரி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பின்னேரம் ஆறு மணிக்கு மெல்பேர்ண், ட்ருகனினாவில் நடராசாவின் வீடு. உண்மையில் அது அவருடைய மருமகன் சரவணனின் வீடு. சரவணன் மதுரைப் பிள்ளை, கணினி வேலை, நடராசாவின் மகளைக் கட்டியவர். மெல்பேர்ண் கழகத்தின் கோல் காப்பாளரும் அவர்தான். எங்களுக்குத் தன் அறையை விட்டுவிட்டு வரவேற்பறைக் கதிரையில் படுத்தார்.

ஞாயிறு காலை அவர்தான் எங்களை ஸ்பிரிங்வேல் பக்கத்துப் பூங்காவுக்கு ஏற்றிப் போனார். நகரத்தைக் குறுக்காக வெட்டி ஐம்பது கிலோமீட்டர். வழியில் உள்ள பெரிய பாலத்தில் நெரிசல் இருக்கும், ஒரு மணித்தியாலம் வையுங்கள். ஆட்டத்தில் சரவணன் நான்கு கோல் தடுத்தார். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தலைகளை எண்ணினேன். மெல்பேர்ணில் ஊரில் பிறந்தவர்கள் அறுபது, வந்தவர்கள் நாற்பத்தைந்து. எழுபத்தைந்து! நாங்கள் இரண்டரையால் முன்னுக்கு. கோப்பை மேசையில் நின்றது. அதன் காதைப் பிடித்தேன்.

"எண்ணிறதை ஒழுங்கா எண்ணினனியோ?" என்றார் நடராசா.

"ரெண்டு தரம் எண்ணினனான். நீர் விதிக்கு ஓம் எண்டனீர்தானே?"

"ஓம் எண்டனான். உன்ர வாய்க்குப் பயந்து."

அப்போது கையுறையைக் கழற்றிக்கொண்டே சரவணன் வந்தார். "அங்கிள், ஒரு சந்தேகம். பதினோரு வருஷமா இந்த ஊருக்குக் கோல் கீப்பர் நான். கூட்டத்துல நான் இல்லைங்கிறீங்க. சனத்தொகையிலயும் இல்லைங்கிறீங்க. அப்ப அந்தப் பந்தைப் பிடிச்சது யாரு?"

நடராசா தன் சப்பாத்தைப் பார்த்தார். மருமகனை ஊரில் சேர்க்காத விதிக்கு அவரும் தலையாட்டியவர் அல்லவா?

நான் கோப்பையை விட்டேன். எழுந்தேன். "வாற வழியில ஒரு ஊரில நாயைக் கூடச் சேத்து எண்ணினவை. நாங்கள் ஆக்களையே விட்டிட்டம். எல்லாரையும் சேர்த்து எண்ணுங்கோ!" என்றேன். கூட்டம் கைதட்டியது. இரண்டு பேர் அழுதார்கள். சரவணன் என்னைக் கட்டிப்பிடித்தார்.

மறுபடி எண்ணினோம். மெல்பேர்ணில் கட்டி வந்தவர்கள் இருபது, வந்து நின்றவர்கள் பத்தொன்பது. மொத்தம் எண்பதில் அறுபத்துநான்கு. நூற்றுக்கு எண்பது. கோப்பை தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நான் சொன்னபடி, எங்கே போகவேண்டுமோ அங்கே.

திரும்பும்போது எனக்குப் பிடிபட்டது: மெல்பேர்ணில் அந்தப் பத்தொன்பது பேரையும் வீட்டுக்குப் போய் அழைத்திருக்கிறார்கள். சிட்னியில் பதினைந்து பேரை நாங்கள் அழைக்கவே இல்லை. பெரிய கழகங்களும் வீட்டில் புல்லு வெட்டும் அந்தத் தொண்ணூற்றெட்டுப் பேரின் கதவைத் தட்டிப் பார்க்கலாம். இலவச ஆலோசனை.

போகிறவர்களுக்கு: கூல்பர்னில் தேத்தண்ணி, ஹோல்புரூக்கில் கப்பல், ஓல்பரியில் பெட்ரோல். குளிருக்குத் தொப்பி. சிற்றூர்த் திடலில் கோல் விழுந்தால் நீங்களும் ஹோர்ன் அடியுங்கள், ஆனால் எந்த அணிக்கு என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. மேலே நான் எழுந்து பேசிய இடத்தில் புவனம் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். திருத்தினால்தான் மிச்சம் தட்டுவாளாம்.

எழுந்தது நான் அல்ல. ரோல் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தது அவள். "அந்த ஊரில நாயைக் கூடச் சேத்தவை. நான் முப்பது வருசமா இவற்ற ஊருக்கு ரோல் சுத்துறன். என்னை இவர் ஒரு கணக்கிலயும் சேக்கேல்லை" என்றாள். கைதட்டியது அதற்குத்தான். அழுதவர் ஒருவர், அது நடராசா. சரவணன் கட்டிப்பிடித்தது அவளை.

நான் கோப்பையை விடவும் இல்லை. அவள்தான் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.