சேலைத் தலைப்பும் இரண்டு கத்தியும்

ஓட்டோ ஓட்டுகிறவளுக்குப் பெற்றோலுக்கு முதல் தீர்ந்துபோவது நிம்மதி. பயணி ஏற்றிப் பிழைப்பவர்கள் இதை வாசித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் அடுத்தமுறை ஏறும்போது எங்கள் முகத்தை ஒருதரம் பாருங்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வாயால் சொல்வதென்றால் கையைக் காலை ஆட்டிச் சமாளித்துவிடுவேன். எழுதும்போது முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்குப் போய், முழுவதும் பிழையாய்ப் போய்விடுமோ என்று பேனாவை எடுத்ததில் இருந்து பயம். ஆகவே பயத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்தடியில் இருக்கும் தரிப்பிடத்தில் நான் ஒருத்திதான் பெண். கொஞ்சக் காலத்துக்கு முன்னர், வேறொரு தரிப்பிடத்து ஓட்டோவில் போன பிள்ளையின் சோல், கழுத்தில் சுற்றும் சால்வைதான், பின்சில்லுக்குள் போய்க் கழுத்தை இறுக்கிவிட்டதாம். றோட்டால் போன யாரோ வெற்றிலைப் பைக்குள் இருந்த கத்தியை எடுத்து வெட்டிவிட்டாராம். பிள்ளை தப்பிவிட்டது. அந்தக் கதை மட்டும் என்னை விடவில்லை. என் வண்டியில் அப்படி நடந்தால் நான் எதைக்கொண்டு வெட்டுவேன்? என்னிடம் இருந்தது கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு வில்லுக்கத்தி. மரக்கைப்பிடி, மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். பிறகு இன்னொரு சாமானும் வந்து சேர்ந்தது. இரண்டில் எதைக் கையோடு கொண்டுதிரிவது என்று முடிவெடுக்க நான் பட்ட பாடுதான் இது.

கனடாவில் இருந்து வந்த குறடு

அக்காவும் அத்தானும் கனடாவில். தொலைபேசியில் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அத்தான், லீவில் வந்தபோது ஒரு சாமான் கொண்டுவந்தார். விரித்தால் குறடு. அந்தக் குறட்டின் இரண்டு கைப்பிடிக்குள்ளும் கத்தி, அரம், மரம் அறுக்கிற குட்டி வாள், திருப்புளி, தகர ரின் வெட்டுவது, போத்தல் திறப்பது என்று ஒரு குடும்பமே ஒடுங்கிக் கிடந்தது. மல்ரிரூல் என்று அத்தான் சொன்னார். எங்கள் தரிப்பிடத்தில் அதற்குக் குறட்டுக்கத்தி என்று பெயர் விழுந்தது.

எங்கள் வீட்டில் கத்தியைக் கையில் இருந்து கைக்குக் கொடுப்பதில்லை. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுக்கவேண்டும். குசினியில் அவசரமாய் மீன் வெட்டும்போதும் அப்படித்தான். அத்தான் பனி நாட்டில் இருந்து இதெல்லாம் மறந்துபோய், சாமானை நேரே என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா நிலைப்படியில் அப்படியே நின்றா. "ஐயோ, கத்தியைக் கையில குடுத்திட்டீங்களே! இனி நீங்களும் அவளும் கதைக்கமாட்டியள்!" நான் பயந்துபோய்ச் சாமானை மேசையில் போட்டேன். அத்தான் தேத்தண்ணியை எடுத்து ஆறுதலாய் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார்:

"இது கத்தியில்லையப்பா, குறடு. கத்தி அதுக்குள்ள வாடகைக்கு இருக்குது."

ஒத்திகை

சாமான் வந்தால் பழகவேண்டாமா? தரிப்பிடத்தில் எனக்கு முன்னுக்கு நிற்பது யோகனின் வண்டி. என்னைவிட வயது குறைந்தவன், வாய் கூடியவன். "நான் பயணி, நீங்கள் வெட்டுங்கோ" என்று என் வண்டியின் பின்சீற்றில் ஏறி இருந்தான். என் பழைய சோல் ஒன்றைக் கழுத்தில் சுற்றி, நுனியைப் பின்சில்லில் கட்டிவிட்டு, நாக்கை வெளியே தள்ளிக் கண்ணை மேலே செருகினான். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் பார்க்கத் தொடங்கியது.

நான் குறட்டுக்கத்தியை எடுத்து நகத்தால் இழுத்தேன். போத்தல் திறப்பது வந்தது. மடித்துவிட்டு இழுத்தேன், அரம் வந்தது. அடுத்த இழுவையில் கட்டைவிரல் நகம்தான் வந்தது. யோகன் நாக்கு வலித்து உள்ளே எடுத்துவிட்டான். பிறகு வில்லுக்கத்தியை எடுத்தேன். அது ஒரே இழுவையில் திறந்தது. சோலைத் தொட்டதும், திறந்தபடி பிடித்து நிற்காமல், திரும்ப மடிந்து என் விரலையே கடித்தது. நான் விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்க, யோகன் சோலைத் தானே கழற்றிவிட்டு இறங்கினான்.

"நீங்கள் கத்தியைக் கண்டுபிடிச்சு முடிக்கிறதுக்குள்ள, செத்த பயணி எழும்பி பஸ் பிடிச்சு வீட்ட போயிடுவார் அக்கா."

நாயாற்று அம்மாவின் வைத்தியம்

அதன்பிறகு ஒரு கிழமை வில்லுக்கத்தி, ஒரு கிழமை குறட்டுக்கத்தி என்று மாற்றி மாற்றிக் கையோடு கொண்டுதிரிந்தேன், மற்றது சீற்றுக்கு அடியில் கிடக்கும். இதில் இரண்டுக்கும் கேடு வந்தது. வில்லுக்கத்தி நல்ல இரும்பு, கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் முகம் வழிக்கலாம். ஆனால் கடற்காற்றுக்குச் செம்பழுப்பாய்த் துருப்பிடித்துவிடும். குறட்டுக்கத்தி துருப்பிடிக்காது. அதற்குப் பதிலாக மூட்டெல்லாம் மணல் புகுந்து, வாதம் வந்த கிழவர் மாதிரி அசையமாட்டேன் என்று நிற்கும்.

நாயாற்றில் இருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் ஒரு அம்மா இருக்கிறா. கழுத்தில் செபமாலை, வாயில் எந்நேரமும் ஒரு நக்கல். ஒருநாள் அவவின் கருவாட்டு மூட்டையின் கயிறு சீற்றுக் கம்பியில் சிக்கிவிட்டது. நான் இரண்டு சாமானையும் எடுத்து அவவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மணலில் இறுகித் திறக்கவில்லை, மற்றது துருப்பிடித்துத் திறக்கவில்லை. அம்மா இரண்டையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. பிறகு கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மடியில் இருந்த சின்னப் போத்தலை எடுத்து இரண்டுக்கும் எண்ணெய் விட்டு அசைத்து அசைத்துத் தந்தா. தரும்போது சீற்றில் வைத்தேதான் தந்தா, அவர்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டுபோல.

"உப்புக்காத்துப் பிடிச்ச சாமானுக்கு நாளுக்கொருக்கால் தேங்காயெண்ணெய் விடு பிள்ளை. உப்புக்காத்துப் பிடிச்ச புருசனுக்குத்தான் ஒரு எண்ணெயும் சரிவராது."

ஆயுதமும் சாமானும்

கத்தி வைத்திருப்பதில் இன்னொரு பயம், அதைப் பொலிஸ் கண்டால் என்ன சொல்வது என்பது. நான் மனதுக்குள் பதில் பாடமாக்கிக்கொண்டுதான் ஓட்டுவேன். ஒருநாள் மறித்தார்கள். வந்தவர் இளம் சிங்களவர், தமிழ் ஓரளவுக்குக் கதைப்பார். லைசென்ஸ் எடுக்கப் பையைத் திறந்தேன், வில்லுக்கத்தி முதலில் எட்டிப் பார்த்தது. "அம்மா, இது என்னா? கத்தி. பிரச்சினை" என்றார். நான் பாடமாக்கியது எல்லாம் மறந்துபோய், பயத்தில் குறட்டுக்கத்தியையும் எடுத்து நானே நீட்டினேன். கேட்காததை ஏன் காட்டினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தெரியாது.

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. வண்டி முன்னால் நின்று ஒவ்வொன்றாய் இழுத்தார். வாள் வந்தது, அரம் வந்தது, கத்தியும் வந்தது. பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் என் வில்லுக்கத்தியின் அதே நீளம். எண்ணெய் விட்ட புண்ணியம், எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. பிறகு மடிக்கத் தொடங்கினார். ஒன்றை மடித்தால் மற்றது விரிந்தது. வியர்த்துவிட்டது. கடைசியில் முள்ளம்பன்றி மாதிரி விரிந்த நிலையிலேயே சீற்றில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"சின்னது ஆயுதம், அதை உள்ளுக்கு வைங்க. இது சாமான், மூடவே ஏலாது, இதால யாருக்கும் ஆபத்து இல்ல."

மூக்குக்கண்ணாடி

குறட்டுக்கத்தியை நான் குறைசொல்லிக்கொண்டே போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கும் ஒரு நல்ல நாள் இருந்தது. தபாற்கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறிய ஐயா ஒருவர் ஏறினார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது கழன்று, கையில் பிடித்தபடி தடவித் தடவித்தான் ஏறினார். இறங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, சின்னத் திருப்புளியால் ஆணியை இறுக்கிக் கொடுத்தேன். நெஞ்சு நிறைந்து நின்றேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு வண்டியை முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தார்.

"இந்த நிலையில உள்ள வண்டியெண்டு முதலே தெரிஞ்சிருந்தால் நான் நடந்தே வந்திருப்பன் பிள்ளை."

மச்சாளின் சேலை

இனித்தான் நான் பிழையாய்ச் சொல்லிவிடுவேனோ என்று பயந்த இடம்.

கலியாண மண்டபத்துக்கு ஒரு மாமியும் மருமகளும் ஏறினார்கள். மருமகள் கட்டியிருந்தது கரைபோட்ட பட்டுச்சேலை, புருசனின் தங்கச்சியிடம் ஒருநாளுக்கு என்று வாங்கிக் கட்டியது. வழியெல்லாம் இரண்டு பேரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். தலைமயிர் கலையும் என்று அந்தப் பிள்ளை தலைப்பை எடுத்துத் தலையையும் கழுத்தையும் மூடிச் சுற்றியிருந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். நுனி மடியில்தான் இருந்தது. பிறகு எப்போது வெளியே பறந்து பின்சில்லுக்குள் போனது என்று தெரியாது. மாமியின் கூச்சல் கேட்டது. பிறேக்கை மிதித்துத் திரும்பினேன். பிள்ளையின் தலை இடப்பக்கக் கம்பியோடு இழுபட்டிருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இவ்வளவு காலமும் கண்ணை மூடினால் வந்த அதே காட்சி.

முதலில் கைக்கு வந்தது குறட்டுக்கத்தி. இழுத்தேன், அரம் வந்தது. அதைத் தூக்கி றோட்டில் எறிந்துவிட்டு வில்லுக்கத்தியை எடுத்துத் திறந்தேன். இறங்கிச் சுற்றிவர நேரமில்லை, என் கை கம்பிக்கு மேலால் அந்தப் பிள்ளையின் கழுத்துவரை எட்டவில்லை. பக்கத்தில் இருந்த மாமிக்கு எட்டும். மாமி கையை நீட்டினா. "கொண்டா பிள்ளை, கொண்டா!" இப்போது நான் சொல்லப்போவதை நம்புங்கள். நான் கத்தியை அவவின் கையில் கொடுக்கவில்லை. சீற்றில் வைத்தேன். வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். மாமியும் நீட்டிய கையை மடக்கி, என் கை விலகும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எடுத்தா. ஒரு கழுத்து இறுகிக்கொண்டிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் சண்டை வரக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமி காதுக்குக் கீழே பிடித்து ஒரே இழுவையில் அறுத்தா. கத்தி மடிந்து அவவின் விரலையும் கடித்தது, அவ விடவில்லை. பிள்ளை முன்னால் குப்புற விழுந்து, இருமி, மூச்சை இழுத்தது. கழுத்தில் சிவப்பாய் ஒரு கோடு. நான் இறங்கி வண்டியைப் பிடித்தபடி றோட்டிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் குரல் வந்ததும் முதல் சொன்னது, "மாமி, மச்சாளின்ர சேலையெல்லோ!" மாமி இரத்தம் வந்த விரலை அந்தச் சேலையிலேயே துடைத்தா.

"கழுத்து உன்ர, சேலை அவளின்ர. அவள் எதைத் திருப்பிக் கேப்பாளெண்டு எனக்குத் தெரியும், நீ பேசாமல் மூச்சு விடு."

கயிறு

அதற்குப் பிறகு ஒரு கிழமை வண்டி எடுக்கவில்லை. கை நீட்டிய மாமியிடம் கத்தியைக் கொடுக்காத என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தை விடு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். குசினியில் மகளிடம் கத்தியை நீட்டிப் பழகினேன். மூன்றாவது நாள் இரண்டு பேருக்கும் சொதிக்கு உப்புப் போட்டதா இல்லையா என்று பெரிய சண்டை. இந்த வயதில் கையை மாற்ற முடியாது, கத்தியைத்தான் மாற்றவேண்டும் என்று விளங்கியது.

இடப்பக்கத்துக்குப் பாதிவரை றெக்சினில் ஒரு மறைப்புத் தைத்துப் போட்டேன். யார் ஏறினாலும், "தலைப்பு மடியிலயோ?" என்று கேட்டு, ஓம் என்றால்தான் வண்டியை எடுக்கிறேன். வேட்டியோடு ஏறும் ஐயாமாரிடமும் வாய் தவறிக் கேட்டுவிடுகிறேன். விரித்தால் திரும்ப மடியாமல் பிடித்து நிற்கிற புது வில்லுக்கத்தி ஒன்று வாங்கி, முன்சீற்றுக்கும் பின்சீற்றுக்கும் நடுவில் உள்ள கம்பியில் நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இனி யாரும் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை, வைக்கத் தேவையில்லை. எட்டுகிறவர் எடுத்து வெட்டலாம். கயிறு பின்சில்லு வரைக்கும் போகும். இதைப் பெருமையாய் யோகனுக்குக் காட்டினேன். அவன் கயிற்றை இழுத்துப் பார்த்தான், சில்லைப் பார்த்தான்.

"எல்லாம் சரி அக்கா, இந்தக் கயிறு சில்லுக்குள்ள போனால்?"

அதனால்தான், றோட்டில் எறிந்த குறட்டுக்கத்தியைத் தேடி எடுத்து எண்ணெய் விட்டு என் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன், அதைத் திறப்பதற்கென்று கட்டைவிரலில் ஒரு நகமும் வளர்க்கிறேன்.