காளியண்ணனின் கைராசி

நாகப்பன் இறந்த அன்று காளியண்ணன் கொண்டுவந்த சாமந்தி மாலை வாசலிலேயே கிடந்தது. அதை உள்ளே எடுத்துப்போக யாரும் கை நீட்டவில்லை. "அது வேணாம்," என்று ரஞ்சிதம் சொன்னார். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். கணவரைக் கிடத்தியிருக்கும் வீட்டில் மாலையை வேண்டாம் என்று சொல்பவள் உண்டா?

நாகப்பன் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் வயர்மேன். தொழிற்சாலை, பங்களா, தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்று மின்கம்பி போகும் இடமெல்லாம் அவர் பொறுப்பு. 1988 மழைக்காலத்தில் ஈரக் கம்பத்திலிருந்து விழுந்தார். லோரி தானா ராத்தா மருத்துவமனையை அடையும் முன்பே உயிர் போய்விட்டது. மூன்று வருடங்களுக்கு முன்பே கம்பத்தை விட்டு இறங்கியிருக்க வேண்டியவர் அவர். இறங்கவிடாமல் செய்தது எது என்பது அந்த மாலையைக் கொண்டுவந்தவனுக்குத் தெரியும்.

அவரை இறக்கியிருக்கக் கூடியது ஒரு கம்ப்யூட்டர். அவரே கட்டியது. கோலாலம்பூர் கடை ஒன்றில் வெற்றுப் பலகையும் சில்லுகளும் பொட்டலம் பொட்டலமாக வாங்கிவந்து, ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய கையால் ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்தார். திரைக்குப் பழைய டிவி, நிரலை ஏற்ற ஒரு கேசட் ரெக்கார்டர். மூடுவதற்குப் பெட்டி கிடைக்கவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்துகொண்டார். அதன் பக்கவாட்டில் தோட்டத்து முத்திரை தலைகீழாக இருந்தது.

லயத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், "இதுல படம் வராதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நின்று பார்த்தவன் காளியண்ணன் ஒருவன்தான். கொழுந்து லோரி ஓட்டுபவன், லயத்தின் கடைசி வீட்டுக்காரன். சொந்தமில்லை. ஆனால் நாகப்பனுக்கு அவன் மச்சான், ரஞ்சிதத்துக்கு அண்ணன். வெள்ளி தவறாமல் சாமி படத்துக்கு ஒரு கை மஞ்சள் சாமந்தி கொண்டுவருவான். எங்கிருந்து என்று கேட்டால், "தவ்கே குடுத்தான்லா, வாங்கிக்க தங்கச்சி," என்பான். ஓடைக்கு அப்பால் பூந்தோட்டம் போட்டிருந்த சீன முதலாளிதான் அந்தத் தவ்கே. லோரிக்காரனுக்கு நாலு பேரைத் தெரியாமல் இருக்குமா?

நாகப்பன் எழுதிய நிரல் எளியது. எந்த மலையில் என்றைக்குக் கொழுந்து கிள்ளினார்கள் என்று சொன்னால், அடுத்த சுற்று எந்த மலைக்கு என்று காட்டும். தோட்டத்து நிர்வாகியாகப் புதிதாக வந்த துரையின் காதில் அது விழுந்தது. அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்க இருந்த நேரம். ஒரு சாயங்காலம் முழுக்க இது நிற்காமல் ஓடினால் அலுவலகக் கம்ப்யூட்டரை நாகப்பனிடமே ஒப்படைப்பதாகச் சொன்னார். இனிக் கம்பம் ஏற வேண்டாம். நாகப்பனின் இடது முழங்கால் அப்போதே மடங்க மறுத்தது.

இயந்திரமோ நின்று நின்று போயிற்று. திரையில் எழுத்துகள் குப்பையாகச் சிதறும். பிறகு எந்தச் சாவியைத் தட்டினாலும் அசைவிருக்காது. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். சில நாள் பத்தே நிமிடத்தில் நிற்கும். சில நாள் மூன்று மணி நேரம் ஓடும்.

குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து சில்லுகள் மேலே எழும்பும் என்று படித்திருந்தார். காலையில் எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவார். சாயங்காலம் நின்றது. பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி பற்றவைத்தார். நின்றது. பனி உள்ளே வருகிறது என்று ஜன்னலைச் சாக்கால் அடைத்தார். அதன் பிறகு பார்வை அடுப்பின் பக்கம் திரும்பியது.

"உன் சோத்து ஆவிதான் இதுக்குள்ள போவுது."

"அப்ப கம்ப்யூட்டரையே தின்னுங்க," என்றார் ரஞ்சிதம். ஆனாலும் அன்றிலிருந்து பின்கட்டில் குளிரில் நின்று சமைத்தார்.

சில்லுகள் மேல் சந்தேகத்தைத் திருப்பியவன் காளியண்ணன். "பட்டணத்துக்காரன் பழச தேச்சுப் புதுசுன்னு தள்ளிட்டான் மச்சான். உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதாக்கும்?" நாகப்பன் பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய்க் கடைக்காரரை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் நினைவகச் சில்லுகள் முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். ஊர் திரும்பிப் பூட்டினார். நின்றது.

இதற்கு நடுவில் ஒன்றைக் கவனித்தார். காளியண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இயந்திரம் நிற்பதே இல்லை. முதலில் சிரித்தார். பிறகு நம்பினார். முதல் போணிக்கும் விதை போடவும் கைராசி பார்க்கிற சனம்தானே. ஆயுத பூஜையன்று தேயிலைப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, காளியண்ணன் தந்த சாமந்தியைச் சரமாகக் கட்டிப் போட்டு, "நீயே ஸ்விட்ச்ச தட்டுடா, உன் கை ராசிக் கை," என்றார். காளியண்ணன் தட்டினான். அவன் வீட்டுக்குக் கிளம்பும்வரை ஓடியது.

அலுவலகத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. அலுவலகத்துக்குள் அதைக் கொண்டுவர அவர் ஒப்பவில்லை. "வெடிச்சா யாரு பதில் சொல்றது?" ஆகவே வீட்டுக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"சனிக்கிழமை நீ என் பக்கத்துல குந்தியிருக்கணும், காளி. அது போதும்."

"இதுக்கெல்லாம் சொல்லணுமா மச்சான்? மொத ஆளா வந்துருவேன்லா."

கிராணியார் வந்தார். தேநீர் குடித்தார். நாகப்பன் வாசலைப் பார்த்துப் பார்த்து நேரம் கடத்தினார். காளியண்ணன் வரவில்லை. பொறுக்காமல் ஆரம்பித்தார். மூன்றாவது மலையின் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தபோது எழுத்துகள் சிதறின. மறுபடி போட்டார். மறுபடி நின்றது. கிராணியார் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "கொழுந்து வண்டி நின்னாலாவது தள்ளிவிட ஆள் இருக்கு, நாகப்பா," என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். அடுத்த மாதம் ஈப்போவிலிருந்து ஒரு பையன் அலுவலகக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து சேர்ந்தான்.

நாகப்பன் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிடலாம் என்று தொழிற்சாலையில் தம் சாமான் அறைக்குத் தூக்கிப் போனார். பிரிக்கும் முன் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஓடியது. கம்பம் ஏறிவிட்டு வந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. அன்றும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. பக்கத்தில் காளியண்ணன் இல்லை.

இயந்திரத்தில் குறையில்லை. குறை வீட்டுக்கு வரும் மின்சாரத்தில். வருடக்கணக்காக அவரே பார்த்துக்கொள்ளும் கம்பியில்.

அன்று சாயங்காலம் வீட்டில் மின்னழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டி அதன் எதிரில் உட்கார்ந்தார். முள் திடீரென்று சரிந்தது. தலைக்கு மேலே விளக்கு கொஞ்சம் மங்கியது. லயத்து விளக்கு மங்குவதை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? அதுவரை அவரும் பார்த்ததில்லை.

விடிந்ததும் லயத்து ஓரமாகக் கம்பம் கம்பமாக நடந்தார். கடைசிக் கம்பத்தில் கம்பியோடு ஒரு திருட்டு ஒட்டு. அதிலிருந்து காளியண்ணன் வீட்டுப் பின்சுவரில் இருந்த ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள் இறங்கி, புதருக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, பூந்தோட்டத்துக்குப் போயிற்று. அங்கே சாமந்திப் பாத்திகளின் மேல் வரிசை வரிசையாகப் பல்புகள். வெள்ளிதோறும் தவ்கே எதற்குப் பூ கொடுத்தான் என்று இப்போது தெரிந்தது. இருட்டிய பின்னும் வெளிச்சம் காட்டினால் செடி மொட்டு வைக்காமல் உயரமாக வளரும் என்பது பூந்தோட்டங்கள் நிறைந்த கியா பார்ம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேபிளில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பார்த்தார். சிவப்பும் நீலமுமாக முறுக்கியது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு என்று காளியண்ணன் கேட்டபோது, சாமான் அறையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தது.

கைராசி என்பது இதுதான். அவன் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அங்கே ஸ்விட்ச்சைப் போட ஆளில்லை.

காளியண்ணன் லோரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நாகப்பன் கையில் இருந்த கேபிள் துண்டைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார் நாகப்பன்.

"மொதல்ல தெரியாது மச்சான். சத்தியமா. அப்புறம்... ஒரு நா ஸ்விட்ச்ச போட்டேன், உன் வூட்லேர்ந்து நீ கத்துன."

"அதுக்கப்புறமும் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொன்ன."

காளியண்ணன் குனிந்து வாளியை மறுபடி எடுத்தான்.

"நான் கடையில நின்னு ஒரு மனுஷன அசிங்கமாத் திட்டிட்டு வந்தேன். ரஞ்சிதம் குளிர்ல நின்னு சமைச்சா. நீ பாத்துக்கிட்டே குந்தியிருந்த."

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு நாளும் வந்தேன்லா."

"சனிக்கிழம?"

"தவ்கே பூ வாங்குற ஆளக் கூட்டிட்டு வந்து தோட்டத்துல நின்னான். வெளக்கப் போடுன்னான்." குரல் தாழ்ந்தது. "போட்டேன்."

"கிராணியார் என் வூட்ல இருக்காருன்னு தெரிஞ்சே?"

"தெரிஞ்சுதான்."

நாகப்பன் திரும்பி நடந்தார். துரையிடம் சொன்னால் போதும். இயந்திரம் தவறவில்லை என்று காட்டிவிடலாம். பத்தடி போயிருப்பார். பின்னாலிருந்து காளியண்ணனின் குரல் வந்தது. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

"தொரைகிட்ட போனா கேபிள் யாருதுன்னுதான் மொதல்ல கேப்பாரு, மச்சான்."

நாகப்பன் நின்றார். திருட்டு ஒட்டு போட்டது வயர்மேனின் கம்பத்தில், வயர்மேனின் கேபிளால். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று யார் நம்புவார்கள்? வேலை போனால் லயத்து வீடும் போகும். மச்சான் என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டே அவன் அதைச் சொன்னான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிக் கம்பத்தில் ஏறி ஒட்டைக் கழற்றினார். கேபிளைச் சுருட்டிச் சாமான் அறையில் பழைய ஆணியிலேயே மாட்டினார். சாயங்காலம் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். அது நிற்கவில்லை. சோறு பொங்கி ஆவி வந்தது; ஜன்னல் சாக்கை எடுத்ததும் பனி உள்ளே வந்தது; எல்லா மலையின் பெயரையும் தட்டி முடித்தார். திரை வரிசையாக விடை சொல்லிக்கொண்டே போனது. பார்க்க ஆளில்லை. கடைசியில் அவரே அணைத்தார். சாமி படத்தில் காய்ந்து கிடந்த சாமந்தியை எடுத்து ரஞ்சிதம் அடுப்பில் போட்டார். கேபிள் போன வழியை நாகப்பன் அவரிடம் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை நாகப்பன் இடுப்பு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பம் ஏறப் போனார்.