நீவெஸுக்கு அளவெடுத்த வேலை

இத்தாலியின் பதுவை நகரில் முனைவர் பட்டம் வாங்குகிறவர்களை நாங்கள் சும்மா விடுவதில்லை. தலையில் லாரல் இலை வளையத்தை மாட்டித் தெருவில் நிறுத்துவோம். அவர்கள் மானத்தை வாங்கும் பாட்டைப் பெரிய தாளில் எழுதி, அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்வோம். தடுமாறினால் ஒரு மடக்கு ஒயின். நீவெஸ் போர்த்தொலின் பட்டம் வாங்கிய அன்று படித்த பாட்டில் பாதி நான் எழுதியது. நான் ஓரெஸ்தே, அணுக்கரு இணைவு ஆய்வுக்கூடத்தில் வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன்.

அன்று அவளுடைய பேராசிரியர் சொர்ஸாத்தோவும் வந்தார். கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "இவ எங்கயும் போகப்போறதில்ல. அடுத்த நிரந்தர வேலை இவளுக்குத்தான். நீங்கெல்லாம் சாட்சி" என்றார். நாங்கள் கைதட்டினோம், மடையர்கள்.

அவளோடு பட்டம் வாங்கியவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஒருத்தன் மிலான் வங்கியில் கணக்குப் போடப் போனான். இன்னொருத்தி பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறாள். நீவெஸ் மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். துகள்கற்றையை உண்டாக்கும் கருவியை முதல் திருகிலிருந்து கட்டியவள் அவள்தான். ஆனால் வருகிற ஜனவரியில் தனக்கு வேலை இருக்குமா என்பது டிசம்பர் வரை அவளுக்குத் தெரியாது. இப்படி ஆறு வருஷம்.

நடுவில் ஜப்பானிலிருந்து இரண்டு வருஷத்துக்கு அழைப்பு வந்தது. "நீ இல்லேன்னா மெஷின் ஓடாதும்மா" என்று சொர்ஸாத்தோ அவளை நிறுத்திக்கொண்டு, இவானோ என்கிற இன்னொரு ஆய்வாளனை அனுப்பினார். அவன் திரும்பி வந்த மாதமே நிரந்தர வேலைக்கான அறிவிப்பு வந்தது. ஜப்பானிய ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருஷ அனுபவம் கட்டாயம் என்று அதில் இருந்தது.

கேன்டீனில் நீவெஸ் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். "இவானோவோட சட்டை சைஸ் மட்டுந்தான் இதுல போடல, ஓரெஸ்தே."

அறிவிப்பை ஒருத்தருக்காகவே அளவெடுத்துத் தைப்பது எங்கள் நாட்டில் புதிதில்லை. ஆனாலும் அவள் நேரே அவர் அறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"என்னைப் போகவேணாம்னு சொன்னது நீங்கதானே?"

"விதிமுறை அப்படி. நான் என்ன பண்ண முடியும்? உனக்கென்ன வயசா ஆயிடுச்சு?"

அவளுக்கு முப்பத்தாறு. அழவில்லை, கத்தவில்லை. அடுத்த வாரமே புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கற்றைக் கருவி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ஆறே மாதத்தில் நிரந்தரமாக்கினார்கள். நல்ல வேலை, மரியாதையான வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எனக்குப் போன் வரும். "மெஷின் எப்படி ஓடுது?" என்பாள். அதற்கப்புறம்தான் என் பெண்டாட்டி பிள்ளைகளை விசாரிப்பாள்.

அந்த வேலையை வாங்கிய இவானோ நாலு வருஷத்தில் ஜப்பானுக்கே ஓடிவிட்டான். எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கருவி படுத்துக்கொண்டது. பொறுப்பேற்க ஒரு நிரந்தர ஆள் இல்லாவிட்டால் அதை மூடிவிடுவோம் என்று ரோமில் இருக்கிற தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்த சொர்ஸாத்தோ, யார் யார் காலிலோ விழுந்து ஒரு வேலையிடம் வாங்கினார். அறிவிப்பைப் பழைய பழக்கப்படியே தைத்தார்: கற்றைக் கருவியில் ஆறு வருஷம், மருத்துவக் கருவிக் கம்பெனியில் நாலு வருஷம். எங்கள் கூடத்திலேயே தகுதியான இரண்டு பேர் ஒப்பந்தத்தில் காத்திருந்தார்கள். இருவருக்கும் கதவடைப்பு.

அறிவிப்பை அனுப்புவதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போய், கம்பெனி வாசல் காப்பிக்கடையில் நீவெஸைப் பார்த்தார்.

அவள் நிதானமாக இரண்டு தடவை படித்தாள். "இதுக்கு வேற யாராவது பொருந்துவாங்களா?"

"ஒருத்தரும் கிடையாது. பார்த்துப் பார்த்து எழுதியிருக்கேன்."

"நல்லா எழுதியிருக்கீங்க, புரொஃபசர். ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க."

அவர் சந்தோஷமாக எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவேண்டும்?

விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை; பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. பதினொன்று நாற்பது வரை ஒரு விண்ணப்பமும் வரவில்லை. சொர்ஸாத்தோ வியர்க்க விறுவிறுக்கப் பம்ப் அறைக்கு வந்து, என் போனில் அவளைக் கூப்பிடச் சொன்னார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நீவெஸ், சிஸ்டம் மக்கர் பண்ணுதா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. நான் போடல."

"போடலேன்னா வேலை ரோமுக்கே திரும்பிடும். மெஷினை மூடிடுவாங்க. அது நீ கட்டின மெஷின்மா."

"தெரியும், புரொஃபசர். அதனாலதான்."

அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. என் ஜென்மத்தில் அவ்வளவு திருப்தியான இருபது நிமிஷம் கிடைத்ததில்லை. காத்திருந்த இரண்டு பேரும் இனி எங்கே போவார்கள் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

மார்ச்சில் பம்புகளை நிறுத்தினோம். அந்த ஞாயிறும் நீவெஸ் போன் செய்தாள்.

"நிறுத்தியாச்சா?"

"ஆச்சு."

"உள்ள சீசியம் படிஞ்சிருக்குமே. அதைச் சுத்தமா எடுத்துட்டுத்தானே திறந்தாங்க? ஈரக்காத்து பட்டா அத்தனையும் பாழாயிடும்."

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல, அப்படியே திறந்துட்டாங்க" என்றேன்.

அன்று அவள் என் வீட்டாரை விசாரிக்கவில்லை. வெகுநேரம் அழுதாள்.