இளைத்தவளுக்குப் பொன்னாடை

இளைக்கிற பொடியை விற்பவள் வாடிக்கைக்காரியைக் குண்டு என்று சொல்லவும் கூடாது, சொல்லாமல் விற்கவும் முடியாது. வீடு வீடாக ஏறி இறங்கி எதையாவது விற்று அலுத்த சகோதரிகளே, உங்களுக்கு இது புரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூரில், ஒரு மெட்ராஸ் கம்பெனியின் கஞ்சிப் பொடிக்கு நான் குழுத் தலைவி. விற்கிற பெண்களே அதைக் குடித்து, வாரம் ஒருமுறை கூடி எடை பார்த்து, ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். கான்வென்ட்டில் நான் படித்த இங்கிலீஷ், டப்பா லேபிளைப் படித்துக் காட்டத்தான் உதவியது.

வெள்ளிக்கிழமைத் தராசு

எடை பார்க்க எங்களுக்குக் கிடைத்தது ரைஸ் மில்லில் நெல் மூட்டை நிறுக்கும் தராசுதான். வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எடை போடும் முனுசாமி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், வாயே திறக்கவில்லை. கூடியதா குறைந்ததா என்று நான் அதட்டியதும் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “வெள்ளிக்கெயமையும் அதுவுமா கொறஞ்சிச்சின்னு எப்டிம்மா வாயால சொல்றது? வியாயக்கெயம வாங்க.”

மருந்து என்றால்

வியாழக்கிழமைக்கு மாற்றினோம். எல்லாரும் கொஞ்சமாவது இறங்க, ராஜேஸ்வரி மட்டும் ஏறிக்கொண்டே போனாள். பொடியே குடிப்பதில்லையோ என்று சந்தேகப்பட்டு ஒருநாள் காலையில் அவள் வீட்டுக்கே போனேன். குடித்துக்கொண்டுதான் இருந்தாள், எதிரே இட்லித் தட்டு காலி. டிபனுக்குப் பதிலாகத்தான் இது என்று எத்தனை தரம் கத்தியிருக்கிறேன் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “வெறும் வவுத்துல மருந்து குட்ச்சா பொரட்டிக்கினு வராதாக்கா?”

மாமியாரின் மானம்

கஸ்தூரி அப்படியில்லை. சொன்னபடி குடித்தாள், நன்றாக இளைத்தாள். அவளைப் பார்த்தே பொடி விற்றது. விற்பனையிலும் அவள்தான் முதல். மெட்ராஸிலிருந்து அதிகாரி வந்து பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. வீட்டை விட்டு வெளியே கால் வைக்க அவளுக்கு இருந்த ஒரே சாக்கும் இந்த வேலைதான்.

விழாவுக்கு முதல்நாள் அவள் மாமியார் தனக்கோட்டியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். எங்கள் பக்கம் மருமகள் இளைத்தால் பாராட்ட மாட்டார்கள். மாமியாரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குழாயடிக்குத் தனக்கோட்டியம்மாள் போனால் பேச்சு நின்றுவிடுகிறதாம். “நான் சோறு போடாம கொல்றன்னு தெருவே பேசிக்கினு கீது. நாளையோட சரி, இனிமே அவ வர மாட்டா.”

மைக்

மில் கொட்டகையில் விழா. இளைத்ததற்குப் பாராட்டு, வந்தவர்களுக்குக் கேசரி, வடை. அந்த அழகைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. அதிகாரி பொன்னாடையை விரித்ததும் கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டு, அதைத் தன் அத்தைக்குப் போர்த்தச் சொன்னாள். சமைத்து வைத்துவிட்டு, தான் வேண்டாம் என்னும்போதெல்லாம் பொறுத்துக்கொண்டவர் அவர்தான் என்றாள்.

மருமகளைக் கையோடு அழைத்துப்போக வந்திருந்த தனக்கோட்டியம்மாள் மேடையேறினாள். பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதிகாரி கையிலிருந்த மைக்கையும் வாங்கிக்கொண்டாள். குழாயடிக்காரிகள் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திரும்பி, “மூணு வேளையும் சோறு ஆக்கி வெச்சிக்கினுதான் கீறேன். இவதான் வாணான்றா. எல்லாரும் கேட்டுக்கினீங்களா?” என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்த வியாழக்கிழமை கஸ்தூரி வருவாளா என்று மில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள். பின்னாலேயே மாமியாரும் வந்து, யாரையும் கேட்காமல் தராசில் ஏறி நின்றாள். “என்னையும் சேத்துக்கம்மா. நான் எளச்சா, எம் மருமவளுக்கும் ஒரு தபா மைக்கு குட்துடு.”

பொடியால் யார் எவ்வளவு இளைத்தார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதற்கப்புறம் என் குழுவில் சேர்ந்த மாமியார்கள் எல்லாரும் மைக்குக்காக வந்தவர்கள்.