பின்லாந்துச் சொந்தங்கள்

பின்லாந்து மொழியை ஆராய்கிறேன் என்று சொன்னால் மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரத்தில் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார்கள். எனக்கும் அது நிம்மதிதான். பகலில் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில் குனோங் ராபாட் பகுதியிலிருக்கும் வீட்டில் அந்த மொழியோடும் அதன் உறவு மொழிகளோடும் உட்கார்கிறேன். வருடங்கள் ஓடுகின்றன, ஆய்வேடு முடிந்தபாடில்லை. ஓர் அத்தியாயத்தை அனுப்பினால் பேராசிரியர் அதைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்புகிறார். அலுத்துவிட்டது.

அப்பாவுக்கு மட்டும் அலுக்கவில்லை. சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது எங்களை இங்கே கூட்டிவந்தார். தமிழும் பின்லாந்து மொழியும் ஆதியில் ஒன்றே என்று யாரோ கைப்பேசியில் அனுப்பிய காணொளியைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. என் மகள் அதைத்தான் நிரூபிக்கிறாள் என்று மாதா கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவைத்தார். மறுத்துப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் என்னைப் பேச வைத்தார்கள். பின்னால் தொங்கிய பேனரில் 'பின்லாந்தில் நம் சொந்தங்கள்' என்று இருந்தது. அந்த வாசகம் அப்பா கொடுத்தது. கல்யாணத்துக்குப் போடும் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மொழிகளும் சொல்லுக்குப் பின்னால் விகுதிகளை ஒட்டிக்கொண்டே போகும், அப்படிப் போகிற மொழிகள் உலகில் நிறைய உண்டு, உறவு என்று சொல்ல ஆதாரம் போதாது என்றேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஏற்பாடு செய்த அண்ணன், "சரி, சாப்பிடப் போலாம்லா" என்றார். ஆளுக்கொரு மீகூன் சேமியாப் பொட்டலத்தோடு கலைந்தார்கள். அப்பா வாங்கவில்லை. அவர்மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

காரில் சுண்ணாம்பு மலையைத் தாண்டினோம். திட்டட்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றபோது என் பக்கம் திரும்பினார்.

"அவங்க நமக்குச் சொந்தமே இல்லையாம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாதுப்பா."

என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார்.

"அப்ப எதுக்கும்மா இத்தனை வருசமா அவங்களுக்காக மாடா ஒழைக்கிற? கண்ணாடி வேற தடிச்சுக்கிட்டே போவுது."

விளக்கு பச்சைக்கு மாறியது. பின்னாலிருந்த மோட்டார்காரன் ஹாரன் அடித்தான். எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். வண்டியை எடுத்தேன்.