அண்ணன் பெயர் இல்லாத பத்திரிகை

1947-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு என் அண்ணன் அரியலூரில் தம் வீட்டுக் கூடத்தில் உயிர் நீத்தார். மூன்று நாளாகப் பெய்த தூறல் அன்று காலையில்தான் விட்டிருந்தது. வெயில் வரவில்லை. ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கூடத்துக் கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தி ஓடும். அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

ஓராண்டு நிறைகிறது. இத்தகைய நினைவு மலர்களில் இறந்தவருடைய நற்குணங்களைச் சொல்லி, அவர் யார்மீதும் பகை பாராட்டாமல் போய்ச் சேர்ந்தார் என்று முடிப்பார்கள். அண்ணன் பகை பாராட்டவில்லை என்பது உண்மை. நான் பாராட்டுகிறேன் என்பதும் உண்மை. உறவினர்களும் நண்பர்களும் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இந்த மலரை அச்சிட்டேன்.

அண்ணன் விக்கிரமங்கலத்தில் பிறந்தார். நாங்கள் மூவர்: அண்ணன், நான், ஒரு தங்கை. எங்கள் தந்தையாருக்கு ஐந்து ஏக்கர் நிலம். அதில் மூன்று ஏக்கர், மழை பெய்தால்தான் நிலம். அண்ணன் நான்காம் பாரத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில் வேலைக்குப் போனார். அவர் நிறுத்தியதால்தான் நான் தொடர்ந்தேன். பெரம்பலூரில் முப்பத்தொரு வருடம் வாத்தியாராக இருந்தேன். நான் கல்லூரியில் கட்ட வேண்டிய சம்பளத்தை ஒரு முறைகூட அவர் தாமதமாக அனுப்பியதில்லை.

பல ஊர்களில் வேலை பார்த்த பிறகு அரியலூர் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவாக அமர்ந்தார். அப்போது நல்ல அச்சு வேலை என்றால் திருச்சிக்குத்தான் போவார்கள். கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருவிழா நோட்டீஸ், புதுக்கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் கட்டுக் கட்டாக ரயிலில் வந்து இறங்கும். கட்டை வாங்க வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அண்ணன், "ஒண்ணு எனக்கு" என்பார். யாரும் மறுத்ததில்லை. சிலர் வேடிக்கையாக, "சார், கல்யாணத்துக்கு வர்றதா இருந்தா ரெண்டா எடுத்துக்குங்க" என்பார்கள். அண்ணன் ஒன்றுதான் எடுப்பார்.

இப்படி இருபது வருடங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மாலை வண்டி நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். அவர் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு காகிதங்கள் இருந்தன. இரண்டு தடவை எண்ணினேன்; முதல் தடவை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பெட்டியில் அரியலூரும் பெரம்பலூரும் இருக்கின்றன. வாலிகண்டபுரம் கோயில் திருவிழா நோட்டீஸ் யுத்தத்துக்கு முன் முழங்கை நீளம், மூன்று வர்ணம், உபயதாரர் பெயர் நாற்பத்தாறு. யுத்தம் முற்றிய வருடத்தில் அதே நோட்டீஸ் உள்ளங்கை அகலம். அதுவும் ஒரு தைல விளம்பரத்தின் பின்பக்கத்தில் அடித்தது. சுவாமி புறப்பாடு ஒரு பக்கம், மூட்டுவலி மறுபக்கம். யுத்தம் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டலாம். பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடிய பெரம்பலூர் பஸ்ஸின் நோட்டீஸ் ஒன்று, "மேட்டில் வண்டி நின்றால் பிரயாணிகள் இறங்கித் தள்ளி ஒத்துழைக்க வேண்டியது, கட்டணத்தில் கழிவு கிடையாது" என்கிறது. குரும்பலூரில் நடந்த நாடகத்தின் நோட்டீஸில், "மழை வந்தாலும் டிக்கெட் பணம் வாபஸ் இல்லை, ராஜா வேஷக்காரருக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டது" என்று இருக்கிறது. காலராவுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் நோட்டீஸ் ஒன்பது. மூன்று வருடத்தில் ஒன்பது என்றால் எத்தனை வீடுகளில் அழுகை கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். மின்சார விளக்கு ஊர்வலம் என்று பெருமையாகப் போட்ட முதல் கல்யாணப் பத்திரிகையும் இருக்கிறது. அரிசிக் கட்டுப்பாடு காரணமாகச் சந்தனம் தாம்பூலத்தோடு திருப்தி அடையும்படி வேண்டிக்கொள்ளும் பத்திரிகையும் இருக்கிறது.

எல்லார் வீட்டுப் பத்திரிகையும் இருக்கிற அந்தப் பெட்டியில் எங்கள் வீட்டுப் பத்திரிகை ஒன்றும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

எங்கள் தங்கை ஒரே மகளைப் பெற்று, அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது இறந்துபோனாள். குழந்தையின் பெயர் தையல்நாயகி. தங்கையின் கணவர் பெரம்பலூரில் கடலை மண்டி வைத்திருந்தார். தலைத் திவசத்துக்கு முன்பே மறுமணம் செய்துகொண்டார். புது மனைவிக்குக் குழந்தை பாரமாக இருக்கும் என்று அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. அண்ணி வளர்த்தார். எட்டு வருடத்தில் அண்ணியும் போன பிறகு, அண்ணன் தாமே தலை வாரி, சடை பின்னி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தார். முதல் நாள் அவர் பின்னிய சடை ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். பதினாறு வருடத்தில் பெற்றவர் அந்தப் பெண்ணைப் பார்க்க வந்தது பதினோரு தடவை. அதில் நான்கு தடவை மண்டிக்கு வேகன் விஷயமாக ஸ்டேஷனுக்கு வந்தவர், அப்படியே எட்டிப் பார்த்தது.

1944-இல் தையல்நாயகிக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்தது. பணக்கார இடம் என்று தெரிந்ததும் பெற்றவருக்குத் தாம் தகப்பன் என்பது நினைவுக்கு வந்தது. கல்யாணத்தைப் பெரம்பலூரில் தம் செலவில் நடத்துவதாகச் சொன்னார். பத்திரிகையைத் திருச்சியில் அடித்தார். ஐந்நூறு பிரதிகள் ரயிலில் அரியலூருக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் போயின. மாலை வண்டிக்குப் போயிருந்த அண்ணன்தான் கட்டை இறக்கும்போது பக்கத்தில் நின்றார். வழக்கப்படி, "ஒண்ணு எனக்கு" என்று எடுத்துப் பிரித்தார்.

கீழே தாய்மாமன் என்று போட்டு என் பெயர் மட்டும் இருந்தது. அண்ணன் பெயர் இல்லை.

அண்ணன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பத்திரிகை வந்தபோதுதான் தெரிந்தது. அன்றே மண்டிக்குப் போனேன்.

"மாப்ள, பத்திரிகையில பெரியவர் பேரு விட்டுப் போயிருக்கு" என்றேன். அப்போதும் தவறுதலாக இருக்கும் என்றே நினைத்தேன்.

"விட்டுப் போகல மச்சான். விட்டுட்டோம்" என்றார் அவர், தராசைப் பார்த்தபடியே. "மங்கலப் பத்திரிகை பாருங்க. பொண்டாட்டி இல்லாத மனுசன் பேரு அதுல வேணாம்னு மாப்பிள்ள வூட்டுல அபிப்பிராயப்பட்டாங்க."

"நீங்களும் பொண்டாட்டியப் பறிகுடுத்தவர்தானே? உங்க பேரு முதல்ல நிக்குதே?"

"நான்தான் மறுபடி கட்டிக்கிட்டேனே" என்று சிரித்தார். மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"அவரு ஏன் கட்டிக்கல தெரியுமா? உங்க பொண்ணுக்கு மாற்றாந்தாய் வேணாம்னு."

"அதுக்கு நான் என்ன செய்யட்டும்? நானா கட்டிக்க வேணாம்னேன்? காப்பி சாப்பிடுறீங்களா?"

அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட்டதில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அண்ணன் போனார். எனக்கு அது பொறுக்கவில்லை. "எந்த முகத்தோட போறீங்க?" என்று கேட்டேன். "பொண்ணு முகத்தைப் பாக்கப் போறேன்டா" என்றார். பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் மதிய பஸ்ஸில் திரும்பினார். மாப்பிள்ளை வீட்டார் அப்படி ஓர் அபிப்பிராயமே சொல்லவில்லை என்பதைப் பிறகு அவர்கள் வாயாலேயே கேட்டேன். ரயிலில் மூட்டை இறக்கிய குமாஸ்தாவைத் தம் சம்பந்திகளுக்கு மைத்துனர் என்று காட்டத் தங்கையின் கணவருக்கு வெட்கம். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு அண்ணன் மூன்று வருடம் இருந்தார். கடைசி நான்கு மாதம் கால் வீங்கி, நடக்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னார். மாலை வண்டியின் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவார்.

அவர் போன பிறகுதான் பெட்டியின் அடியில் சணல் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கண்டேன். ரோஸ் நிறக் காகிதத்தில் அச்சிட்ட கல்யாண வாழ்த்து மடல். பந்தலில் படித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கமல்லவா, அது. மணமக்கள் பெயர் போட்டு, எட்டு வரியில் அண்ணனே எழுதிய விருத்தம். இரண்டு இடத்தில் தளை தட்டுகிறது. கீழே, "மணமகளை மடியிலிருத்தி வளர்த்த தாய்மாமன்" என்று அவர் பெயர்.

அரியலூரில் அச்சகம் வைத்திருக்கும் நாகப்பனிடம் விசாரித்தேன். "ஆமா சார், நான்தான் அடிச்சேன். ரோஸ் பேப்பர் அப்பக் கெடைக்கவே இல்ல. பெரியவரு ஒரு மாசம் அலைஞ்சு வாங்கிட்டு வந்தாரு. இருநூறு. இருநூறும் எண்ணி வாங்கிக்கிட்டாரு" என்றார். பத்திரிகை வருவதற்கு முன்பே அண்ணன் இதை அச்சிட்டு வைத்திருக்கிறார். பெயர் இல்லாத பத்திரிகையைப் பார்த்ததும் பெட்டிக்குள் போட்டுவிட்டார். பத்திரிகையில் இல்லாத தாய்மாமன் பந்தலில் வாழ்த்து மடல் கொடுத்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள், பெண்ணுக்குத் தலைகுனிவு. அவர் அப்படித்தான் யோசித்திருப்பார்.

நான் எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தன.

பதினாறாம் நாள் காரியத்தன்று தங்கையின் கணவர் வந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "வருசம் திரும்புறப்ப ஒரு மலர் போடணும் மச்சான். செலவு பூரா என்னோடது. முன் பக்கத்துல வெளியிடுபவர்னு என் பேரு, ஒரு போட்டோ, அது போதும். நம்ம மண்டி ஆளுங்களுக்கும் குடுக்கலாம்."

"மலர் போடுறேன்" என்றேன். "உங்க காசு வேணாம்."

"அப்ப பேரு?"

"உங்க பேரு வேற எங்க போகும் மாப்ள?" என்றேன். அவர் திருப்தியாகப் போனார்.

சென்ற மாதம் நாகப்பனிடம் வேலையைக் கொடுத்தேன். இந்த மலர் இருநூறு பிரதிகள். ஒவ்வொன்றிலும் அண்ணனின் ரோஸ் மடல் ஒன்றை வைத்துத் தைக்க வேண்டும். அதற்கு எதிர்ப் பக்கத்தில் 1944-ஆம் வருடக் கல்யாணப் பத்திரிகையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கோத்து அச்சிட வேண்டும். ஒரே ஒரு மாற்றம்: மணமகளின் தகப்பனார் பெயர் இருக்கும் இடத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு கோடு.

நாகப்பன் எழுத்துக் கோப்பதை நிறுத்திவிட்டார். "தகப்பன் பேரு இல்லாம கல்யாணப் பத்திரிகை எப்படி சார்? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"தாய்மாமன் பேரு இல்லாம அடிச்சாங்களே, அப்ப யாரு சிரிச்சா?"

"அது திருச்சியில அடிச்சது சார். அதை என் தலையில போடாதீங்க."

"கோடு போடுங்க."

"நீளமாவா, குட்டையாவா?"

"பேரு எவ்வளவு நீளமோ அவ்வளவு."

ஒரு மடல் குறைவது மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. இருநூறு மலருக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது மடல். பெட்டியை மூன்றாவது தடவை கொட்டித் தேடினேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை தையல்நாயகி தன் குழந்தையோடு வந்தாள். அச்சான பக்கத்தைக் காட்டினேன். அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு மடல் கொறையுதும்மா. எங்க போச்சுன்னே தெரியல" என்றேன்.

"என்கிட்ட இருக்கு சின்ன மாமா."

"உன்கிட்டயா? யாரு குடுத்தா?"

"பெரிய மாமாதான். கூறப்பொடவ மாத்த உள்ள போறேன், கதவோரமா நின்னுக்கிட்டிருந்தாங்க. யாருக்கும் தெரியாம கையில வச்சாங்க. 'ஒண்ணு உனக்கு'ன்னாங்க. மடிச்சு இடுப்புல சொருவிக்கிட்டேன். தாலி ஏறுறப்ப அது அங்கதான் இருந்துச்சு."

கையிலிருந்த அச்சுப் பக்கத்தை மடித்து வைத்தேன். பிறகு, "அதைக் குடும்மா. இருநூறு சரியாப் போயிடும்" என்றேன்.

"குடுக்க மாட்டேன்" என்றாள்.

"அப்ப ஒரு மலர்ல அந்தப் பக்கம் இல்லாமப் போயிடுமே?"

"போகட்டும். அதை யாருக்குக் குடுக்குறதுங்கிறது உங்க இஷ்டம். நான் கேக்க மாட்டேன். என் பேரு மேல மட்டும் கோடு போட்டுடாதீங்க."

யாருக்குக் கொடுப்பது என்று நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. மடல் இல்லாத அந்த ஒரு பிரதி, தங்கையின் கணவருக்கு. அவர் அதைப் பிரிப்பார். ஒரு பக்கத்தில் தம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருக்கும். எதிரே இருக்க வேண்டிய தாள் இருக்காது; தையல் நூல் மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் ரோஸ் காகிதம் இருக்கும். அதை எட்டிப் பார்க்கட்டும். கடைசி வரிசையிலிருந்து எட்டிப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். அண்ணன் இருந்திருந்தால், "விடுடா" என்றிருப்பார். அண்ணன் இல்லை.

கடைசி நான்கு மாதமும் நாள் தவறாமல் வந்து கால் கட்டு மாற்றிய பக்கத்து வீட்டுக் காதர் பாய்க்கும், தகரப் பெட்டியைக் கூலி வாங்காமல் என் வீடுவரை சுமந்து வந்த ஸ்டேஷன் போர்ட்டர் சின்னசாமிக்கும், சேற்றில் மயானம்வரை வந்த அரியலூர் நண்பர்களுக்கும், பிடிக்காத வேலையையும் பிழையில்லாமல் செய்த நாகப்பனுக்கும், இருநூறாவது மடலைப் பத்திரமாக வைத்திருக்கும் தையல்நாயகிக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் விடுபட்ட பெயர் ஏதேனும் இருந்தால், அது விட்டுப் போனதல்ல, விடப்பட்டது.

மலரின் காகிதம், அச்சு, தையல், தபால் எல்லாம் என் கறவை மாட்டை விற்ற பணத்தில் ஆயின. மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று ரூபாய் நாலணா. அதில் அந்தக் கோட்டுக்கு மட்டும் நாகப்பன் தனியாக எட்டணா கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தது அந்த எட்டணா ஒன்றுதான்.