வயரை விற்றான், வாயைத் திறக்கவில்லை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்த வேகத்தில் போயும்விடும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாரோய் டவுனில் கார், வேன் என்று எந்தக் காடிக்கும் ரேடியோவும் ஸ்பீக்கரும் பொருத்திக் கொடுக்கிற அந்தக் கடைக்காரன்மேல் வந்த கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. இறங்க விடவும் எனக்கு மனசில்லை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கோலா சாவாப் பக்கத்து எஸ்டேட்டுகளில் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு வேனுக்கும் ஒரு பாட்டு உண்டு. ஹாரன் அடித்தால், ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்தவர்கள் ஜன்னலைத் திறந்து திட்டுவார்கள். சாமிப் பாட்டைத் திட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் பாட்டு. என் வேனுக்கு முருகன் பாட்டு. செம்பனைத் தோட்டத்து வளைவில் அது கேட்டதுமே பிள்ளைகள் பையை மாட்டுவார்கள், அம்மாக்கள் மிச்சமிருக்கிற ரொட்டியை வாயில் திணிப்பார்கள். நான் போய் நிற்கும்போது எல்லாம் ரோட்டோரம் தயாராக நிற்கும்.

வேனோடு வந்த ஸ்பீக்கர் கொஞ்சம் கொஞ்சமாக இருமல் பிடித்து, கடைசியில் முனக மட்டும்தான் செய்தது. பாட்டு வளைவுவரை எட்டவில்லை. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று கத்த வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கு லேட், எனக்குத் தொண்டை கட்டியது.

வீட்டில் ஒரு நல்ல ஸ்பீக்கர் செட்டு சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரரின் பழைய காடியில் இருந்தது. காடி பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டது, செட்டைக் கழற்றி வைத்திருந்தோம். அந்தச் செட்டை அவர் காடியில் பொருத்தியவன் யார் தெரியுமா? இதே பாரோய்க் கடைக்காரன்தான். அவனும் எங்கள் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். என்னைவிடச் சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அப்போது அவனுக்குக் கடையும் இல்லை, ஒன்றும் இல்லை. கையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர். எஸ்டேட்டில் யார் காடி நின்றாலும் டேஷ்போர்டைப் பிரித்துப் போடுவான். பிரித்த பாதியைத் திருப்பி மாட்டத் தெரியாமல் முழிப்பான். எங்கள் காடியில் ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஓடிய காலம் ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "பழகட்டும் விடு" என்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அந்த உரிமையில்தான் செட்டைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏர்கோன், சுவர் நிறைய ஸ்பீக்கர். நன்றாக இருக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செட்டைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"அக்கா, வெளி சாமான் நாங்க போடுறதில்ல. கடை ரூல்ஸ் லா."

"எதுடா வெளி சாமான்? நீயே கையால போட்டது."

"அப்ப கடை இல்லக்கா. இப்ப இருக்கு. புதுசா ஒண்ணு எடுங்க, நானே சூப்பரா போட்டுத் தர்றேன்."

நல்லா இருக்கிற செட்டை வைத்துக்கொண்டு புதுசு எதற்கு? சரி, அவன் கடை, அவன் சட்டம். "அப்ப வயரும் பியூசும் குடு, நானே போட்டுக்கிறேன். எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லு" என்றேன். வயர் என்றதும் சிரித்த முகமாக எழுந்தான். சுருளை எடுத்து, நல்ல தடித்த வயராகப் பார்த்து, மெதுவாக அளந்து வெட்டினான். முனையைச் சீவி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பியூசோடு பையில் வைத்தான். அப்படி ஒரு மரியாதை.

"பியூசை எங்கடா வைக்கணும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்ல முடியாதுக்கா. தொழில் ரகசியம்."

விளையாடுகிறான் என்று நினைத்தேன். திரும்பக் கேட்டேன். அப்போதுதான் அவன் விளையாடவில்லை என்று தெரிந்தது. "யூடியூப்ல பாத்துட்டு ஆளாளுக்கு வந்து கேக்குறாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டா நாளைக்கு எவன் கடைக்கு வருவான்? நீங்க தப்பாப் போட்டு ஏதாச்சும் ஆனா, இந்தக் கடைக்காரன்தான் சொன்னான்னு என் தலையில கட்டுவீங்க." அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஓசியில் வித்தையைப் பிடுங்க வருகிறவர்கள் எத்தனையோ பேர். தொழில் செய்கிறவன் வயிறு நிறைய வேண்டாமா? முழுசாகக் கற்றுக்கொடு என்று நான் கேட்கவில்லையே! கையில் கொடுத்த சாமானில் எது ஆபத்து என்று கேட்டேன். எலிமருந்து விற்கிறவன்கூட "பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்கம்மா" என்று சொல்லித்தானே கொடுக்கிறான்? அதனால் அவன் தொழில் ரகசியம் வெளியே போய்விட்டதா?

கதவுவரை வந்து வழியனுப்பினான். "எங்க பாப்பா ஒழுங்கா வருதா? முன் சீட்டுலதான உக்கார வைக்கிறீங்க?" என்று கேட்டான். பாப்பா அவனுடைய கூடப்பிறந்த அக்காவின் மகள். ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி எடுக்கும் என்பதால் என் பக்கத்திலேயே உட்காரவைத்து பெல்ட் போட்டுவிடுவேன். "முன்னாலதான்டா" என்றேன். இதை மட்டும் மறக்காமல் கேட்டான் பாருங்கள். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சனிக்கிழமை வேனுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் புகுந்து வேலையை முடித்தேன். வீட்டுக்காரருக்கு முதுகு வலி, குனிய முடியாது. டார்ச் மட்டும் பிடித்தார். "நீ கை வைக்காத காரியம் ஒண்ணு பாக்கி இருக்கா?" என்றார். இல்லைதான். எஸ்டேட்டில் வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில் வளர்ந்தவளுக்கு வயர் இழுக்கத் தெரியாதா? பலகைச் சுவர். பக்கத்து வீட்டுக்கு லைட் வேண்டுமென்றால் பலகையில் ஒரு ஓட்டை போட்டு வயரை நுழைத்து இழுத்தால் முடிந்தது. பியூஸ் எப்போதும் வீட்டுக்குள்ளே, கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். போனால் ஸ்டூல் போட்டு ஏறாமல் மாற்றலாம். அதையே வேனிலும் செய்தேன். முன்னால் பேட்டரியில் இருந்து வயரைப் பிடித்து, பாப்பா கால் வைக்கிற மிதியடிக்கு அடியில் விட்டேன். முன் சீட்டு உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டியில் டிரில் போட்டு ஓட்டை செய்து, அதன் வழியாகப் பின்னால் வைத்த செட்டுவரை இழுத்தேன். பியூசை வசதியாக என் சீட்டுக்குப் பின்னால், கையைத் திருப்பினால் தொடுகிற இடத்தில் மாட்டினேன். பாட்டைப் போட்டேன். ஆகா! வளைவு என்ன, அடுத்த எஸ்டேட்டுக்கே கேட்டிருக்கும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பலகை வயரைக் கடிக்காது. இரும்பு கடிக்கும். இது எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும்.

சில வாரம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் காலையில் ரந்தாவ் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது பாப்பா சொன்னாள்: "வேன் அக்கா, கால் சுடுது."

அது எப்போதும் ஏதாவது சொல்லும். பசிக்குது, கூசுது, குளிருது. "இன்னும் கொஞ்ச தூரம்தான்டா செல்லம்" என்றேன். அப்புறம்தான் வாடை வந்தது. ரப்பர் தீய்கிற வாடை. குனிந்து பார்த்தால் மிதியடி ஓரத்தில் புகை. ஐயோ முருகா! ரோட்டோரம் நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, அவளை ஒரு கையால் தூக்கி வெளியே போட்டேன். பின் கதவைத் திறந்து, "இறங்குங்க, ஓடுங்க, மரத்துக்கிட்டப் போங்க" என்று நான் கத்தின கத்தலில் பெரிய பிள்ளைகள் சின்னதுகளை இழுத்துக்கொண்டு ஓடின. உள்ளே முருகன் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போனட்டைத் தூக்கி, ஸ்பேனரால் பேட்டரி முனையைக் கழற்றி எறிந்தேன். அப்போதுதான் பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் புகையும் அடங்கியது. வயர் முழுக்கக் கருகி, தோல் உருகி, மிதியடியோடு ஒட்டிக் கிடந்தது. நான் போட்ட ஓட்டையில் இரும்பு விளிம்பு அதை அறுத்திருந்தது. என் சீட்டுக்குப் பின்னால் பியூஸ் மட்டும் புத்தம் புதுசாக, ஒன்றும் ஆகாமல் உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. பாப்பா காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் மட்டும், அடிப்பாகத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ரப்பர் உருகிப் பள்ளமாகியிருந்தது. அவள் அம்மா அழுதாள், என்னைத் திட்டினாள். திட்டட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது. வயர் எங்கே வாங்கினது, கடையில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கொண்டுபோய் அவன்கிட்டக் காட்டுங்கக்கா" என்றாள்.

மறுநாளே போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். நல்லதாகப் போயிற்று. கண்ணாடி மேசைமேல் கருகின வயரை வைத்தேன்.

"அதுக்குத்தான் அக்கா, நானே போட்டுத் தர்றேன்னு சொன்னேன்" என்று ஆரம்பித்தான்.

பக்கத்தில் சப்பாத்தை வைத்துப் புரட்டிக் காட்டினேன். பார்த்தான். எடுத்தான். பள்ளி திறக்கும்போது அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவனே வாங்கிக் கொடுத்த சப்பாத்து அது. பள்ளத்தை விரலால் தடவினான்.

"பாப்பா கால்..."

"கொப்புளம்கூட இல்ல. இருந்திருந்தா சப்பாத்தோடயா வந்திருப்பேன்? அன்னிக்கு வாயில என்னடா கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஒரு வார்த்த சொன்னா முத்தா உதிர்ந்திருக்கும்? வயர் விக்கத் தெரிஞ்சுதுல்ல உனக்கு!"

அவன் சப்பாத்தைக் கீழே வைக்கவில்லை. "வேனை உள்ள கொண்டாங்கக்கா. நானே எல்லாம் மாத்திப் போடுறேன். சல்லிக்காசு வேணாம்" என்றான்.

"உன் கை எனக்கு வேணாம். உன் வாய்தான் வேணும். நீ சொல்லு, நான் போடுறேன். இங்கயே, இவங்க எல்லாரும் கேக்க."

அப்புறம் மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்தான். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. "இரும்புல ஓட்டை போட்டா மொதல்ல இத மாட்டணும். அப்புறந்தான் வயர். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே, ஒரு சாணுக்குள்ள இருக்கணும். அப்பத்தான் வயர் எங்க அறுபட்டாலும் பியூஸ் போகும், வயர் எரியாது."

"அப்புறம்?"

"அவ்ளோதான்க்கா."

அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வயரை அளந்து வெட்ட எடுத்துக்கொண்ட நேரம்கூட ஆகவில்லை.